வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல் இல்லை: எல்கேஜி சேர்க்கலாமா, ஒரு வருஷம் தள்ளலாமா?

18 மே 2025, மாலை 6.12
(கேள்வி, குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா)

மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. வீட்டில் அவள் வாயை மூட முடியாது. ஆனால் அங்கன்வாடிக்கு ஒரு வருஷம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே எல்லோரும் ஊமை என்றே நினைத்துவிட்டார்கள். ஜூன் 2 பள்ளி திறக்கிறது. "பள்ளிக்கூடத்தில் போட்டால் தானே பேசும்" என்கிறார் மாமியார். "ஒரு வருஷம் கழியட்டும்" என்கிறாள் என் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

18 மே 2025, இரவு 10.40

ரெண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள் தங்கச்சி. இந்த வருஷமே சேருங்கள். ஆனால் போட்டால் தானே பேசிவிடாது.

என் மூத்தவள் இப்போது ஆறாம் வகுப்பு. 2018 ஜூனில் எல்கேஜி சேர்த்தோம். வீட்டில் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவாள், வண்டி திரும்பிப் போனதும் அதே வாக்கியத்தின் மீதியைச் சொல்வாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். வெட்கம், பைய மாறும் என்று விட்டுவிட்டோம். பள்ளியில் நவம்பர் ஆகியும் ஒரு எழுத்து வரவில்லை. பேர் கேட்டால் பார்வை தன் சட்டைப் பட்டனில் போய் நிற்கும், முகம் மரக்கட்டையாகிவிடும். டீச்சர் டைரியில் "பிடிவாதம் அதிகம்" என்று எழுதி அனுப்பினார். அன்று ராத்திரி நான் பிள்ளையை அடித்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

பிடிவாதம் இல்லை, பயம். ஒன்பது வயதில் அவளே ஒருநாள் சொன்னாள்: "கெணத்துல வாளி பாதில மாட்டிக்கிடும்லா, அதுபோலம்மா." இழுக்க இழுக்க இறுகும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று பிறகு தோன்றியது.

இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பேர். வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பேச வேண்டிய சில இடங்களில் மட்டும், ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பேச முடியாமல் போவது. பள்ளி சேர்ந்த முதல் மாதத்தை டாக்டர்கள் கணக்கில் எடுப்பதில்லை, அப்போது எந்தப் பிள்ளையும் மிரண்டுதான் இருக்கும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும், பள்ளிக்குப் போன பிறகுதான் நம் கண்ணில் படும். உங்கள் மகளுக்கு அங்கன்வாடியிலேயே ஒரு வருஷம் போய்விட்டது, அதனால் "முதல் மாதம்தானே" என்று இனி காத்திருக்க வேண்டாம்.

ஒரு வருஷம் தள்ளினால் என்ன ஆகும்? வெளியே பேசாமலிருப்பது இன்னும் ஒரு வருஷம் பழகிப்போகும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் "இவள் பேசாதவள்" என்பது பழகிவிடும். அந்தப் பேரை உதறுவது பேசுவதைவிடக் கஷ்டம்.

மீதி அப்புறம். திங்கள்சந்தை பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன், இது யூனிபார்ம் நேரம். எழுத்துப் பிழை இருந்தால் ஓவர்லாக் மெஷின் மேல் பழியைப் போடுங்கள்.

19 மே 2025, காலை 6.05

ராத்திரி விட்டுப்போனது. முதலில் காதைச் சோதியுங்கள். வீட்டில் பேசுகிறாளே, காதுக்கு என்ன என்று நானும் நினைத்தேன். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் ஒழிந்தது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. மனநலம் என்றதும் மாமியார் முகம் சுளிப்பார், "காது பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

போகும்போது வீட்டில் அவள் பேசுவதை ஃபோனில் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் அவள் பேசப்போவதில்லை. ஆட்டிசமா, பேச்சு வராததா, இதுவா என்று பிரித்துப் பார்க்க அந்த இரண்டு நிமிஷம் உதவும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இது சேர்ந்து இருக்கலாம் என்பதால் நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

21 மே 2025, இரவு 11.20

"ஊமைப் பிள்ளைக்கு எதுக்கு இங்கிலீஷ் மீடியம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காரமாக ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கதை.

1877ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பேசாதிருத்தல் என்ற பொருளில் லத்தீனில் ஒரு பேர் வைத்தார். 1934ல் சுவிட்சர்லாந்துக்காரர் மோரிட்ஸ் டிராமர் அதை எலெக்டிவ் மியூட்டிசம் என்றார், அதாவது தானே தேர்ந்துகொண்ட மௌனம். 1994ல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் எலெக்டிவ் போய் செலக்டிவ் வந்தது. 2013ல் அடுத்த பதிப்பு வந்தபோது இதைப் பதற்றக் கோளாறுகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். பிள்ளை விரும்பித்தான் வாயை மூடுகிறது என்ற பழியைப் பேரிலிருந்து எடுக்கவே 117 வருஷம் ஆகியிருக்கிறது.

நம்ம ஊர் மாமிமார் இன்னும் 1877ல்தான் இருக்கிறார்கள்.

24 மே 2025, மதியம் 2.30

வசம்பை உரசி நாக்கில் தடவினால் பேச்சு வருமா என்று கேட்டவருக்கு: நாங்களும் உரசித் தடவியிருக்கிறோம். நாக்கு தடித்தால் தேய்க்கலாம், இவளுக்கு நாக்கு ஏற்கெனவே இரண்டு முழம். வசம்பைச் சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே கொடுக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். மண்டைக்காடு பகவதிக்கு நேர்ந்துகொண்டோம், மண்டையப்பம் வைத்தோம், தக்கலையில் நூல் ஜெபித்துக் கட்டினோம். எதையும் குறை சொல்லவில்லை, எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. அவள் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"பிள்ளை பேடிச்சிருக்கு", அதாவது எதையோ கண்டு பயந்திருக்கிறது, என்று சொல்லாத ஆள் கிடையாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் முற்றத்துப் பலா சாய்ந்தது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அதில்தான் பிள்ளைக்குப் பேச்சு நின்றது என்று என் மாமியார் இன்றும் சொல்வார். நானும் ரொம்ப நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய வீடியோக்களைப் பார்த்தேன். அந்த வருஷம் ஓணத்துக்கு எடுத்ததில், அதாவது புயலுக்கு முன்னாலேயே, சித்தப்பா உள்ளே வந்ததும் பாட்டு நிற்கிறது. ஏதோ ஒரு அதிர்ச்சியில்தான் இது வரும் என்பது பொதுவான தப்பு. பெரும்பாலான பிள்ளைகளிடம் அப்படி ஒரு சம்பவமே இருக்காது. இயல்பிலேயே பதற்றம் கூடிய பிள்ளைகள், பல நேரம் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது யார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

29 மே 2025, இரவு 9.50

இதுதான் முக்கியம், மெதுவாகப் படியுங்கள்.

பள்ளி திறப்பதற்கு முன் இந்த மூன்று நாளில் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிள்ளை இல்லாமல் போங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "காலியான வகுப்பறையில் நானும் மகளும் கொஞ்ச நேரம் விளையாட அனுமதி வேண்டும்." நாங்கள் முதலில் சேர்த்த பள்ளியில் "இது என்ன பார்க்கா" என்று கேட்டார்கள். யூகேஜிக்கு வேறு பள்ளி மாற்றினோம், அங்கே சாவியையே தந்தார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்த விளையாட்டு. எங்களுக்கு மட்டி வாழைப்பழத் தோலை வைத்து யானை செய்வது. அவள் குரல் அந்த அறைக்குள் கேட்க வேண்டும், முதல் நாள் அதுவே போதும். அவள் தாராளமாகப் பேசத் தொடங்கிய பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அப்புறம் ஒருநாள் டீச்சர் வராந்தாவில் நடந்து போவார், உள்ளே பார்க்காமல். இன்னொரு நாள் தூர மூலையில் உட்கார்ந்து நோட்டு திருத்துவார். அடுத்து ஒரு பெஞ்ச் தள்ளி. அதற்கும் அடுத்து விளையாட்டில் ஒரு கை. குரல் நின்றுவிட்டால் டீச்சர் ஒரு படி பின்னால் போக வேண்டும், பிள்ளையைத் தூண்டக்கூடாது. டீச்சரிடம் அவள் பேச ஆரம்பித்த பிறகு மெல்ல வெளியே வர வேண்டியது நீங்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. வெளிநாடுகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் இருக்கும் பேச்சை, அவள் ஏற்கெனவே பேசும் ஒருவரோடு சேர்த்து, பள்ளிக்குள் கொண்டுபோய் விடுவது. பேசாத இடத்தில் தனியாக நிறுத்தி வைத்துப் பேசு பேசு என்பது நேர் எதிரானது.

எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. நடுவில் இரண்டு வாரம் மழை விடுமுறையும் என் காய்ச்சலும். கணக்கு வைக்காதீர்கள்.

சேர்க்கைக்கு "இன்டர்வியூ" என்று பிள்ளையைக் கூப்பிட்டுப் பேர் கேட்டால்: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கானது, எல்கேஜிக்கு அப்படியே பொருந்துமா என்பதில் வாதம் உண்டு. சண்டைக்குப் போக வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2 ஜூன் 2025, இரவு 8.15

அழுதாளா? நீங்கள் அழுதீர்களா?

5 ஜூன் 2025, இரவு 10.10

அழவில்லை, கல்லுப்போல உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகிற பிள்ளையை டீச்சர் தூக்குவார், கல்லை யாரும் தூக்கமாட்டார்கள். அதனால் இதைச் சீக்கிரம் செய்யுங்கள்.

பாத்ரூம்.

என் மகள் காலை எட்டரைக்கு வேனில் ஏறினால் மாலை நாலே காலுக்கு வீட்டுக்குள் செருப்போடு ஓடுவாள். மூத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறாள். கேட்பதற்கு வாய் திறக்க வேண்டுமே. கேட்காமலிருக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை. பாட்டில் நிரம்பினபடியே திரும்பி வந்ததைப் பார்த்து "சமத்து, சிந்தவே இல்லை" என்று நான் பாராட்டியிருக்கிறேன். ஆகஸ்டில் நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டர் கேட்ட பிறகுதான் பாட்டிலுக்கு அர்த்தம் புரிந்தது.

நாங்கள் செய்தது: கெட்டி அட்டையில் மஞ்சள் துணி ஒட்டி ஒரு சதுரம். அதை டீச்சர் மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம், கை தூக்க வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம். மேஜை வரை நடப்பதும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் வகுப்பில் எல்லோரையும் வரிசையாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும் நேரத்தை டீச்சர் இரண்டாக்கினார். அட்டையைவிட அதுதான் வேலை செய்தது. பார்த்தால் சின்ன விஷயம்.

இன்னொன்று, அடிபட்டாலும் சொல்லமாட்டாள். ஒருமுறை விரல் கதவிடுக்கில் சிக்கி நகம் கறுத்தது, பள்ளியில் யாருக்கும் தெரியாது. மாலை குளிப்பாட்டும்போது உடம்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

14 ஜூன் 2025, இரவு 11.45

29ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஏதோ திட்டம் போட்டு வென்றவள் மாதிரி எழுதியிருக்கிறேனே என்று கூச்சமாக இருந்தது. உண்மை வேறு. முதல் குரல் அந்தக் காலி வகுப்பறையில் வரவே இல்லை. என் கட்டிங் டேபிளுக்கு அடியில் வந்தது.

யூகேஜி டீச்சர் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தார், லைனிங் துணி மறந்துவிட்டார், திரும்பவும் வந்தார். என் தையல் அறையும் வீடும் ஒன்றுதான். மூத்தவள் டேபிளுக்கு அடியில் வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்ததும் பேச்சு நின்றது. அந்த அம்மா குனிந்து "அட, இங்கயா இருக்கே" என்று கேட்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் குனியவே இல்லை. கையிடுக்கு இறுக்கம், கழுத்து கொஞ்சம் இறக்கம் என்று என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் அடியிலிருந்து பொம்மையிடம் ஒரு முணுமுணுப்பு வந்தது. டீச்சர் காதில் விழுந்தது, எனக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் கழுத்திறக்கத்தைப் பற்றியே பேசினோம்.

மூன்றாவது தடவை ஊக்கு வைத்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது காஜா வெச்சதுதானே" என்று டீச்சர் கேட்டார். கேள்வி எனக்கு. பதில் டேபிளுக்கு அடியிலிருந்து வந்தது: "அது காஜா இல்ல, ஊக்கு."

நான் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். டீச்சர் மட்டும் "ஓ, ஊக்கா, சரி" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை, கைதட்டவில்லை. பிறகு கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "எங்க வீட்டுப் பூனை சோத்துக்கு வரும்போது பாத்தா ஓடிரும்" என்றார். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, இவருக்குப் பூனையே சொல்லிக்கொடுத்துவிட்டது.

அதன் பிறகுதான் காலி வகுப்பறை வேலை செய்தது. அந்த டீச்சர் அறைக்குள் வரும்போது அவளுக்கு ஏற்கெனவே ஜாக்கெட் டீச்சர். ஆக, பள்ளியில் கதவு திறக்கவில்லையென்றால் டீச்சரை வீட்டுக்கு அழைக்கலாம் தங்கச்சி. தையல் கடை இல்லையென்றால் ஏத்தன்பழ (நேந்திரன்) பஜ்ஜி போதும். வருகிறவர் பிள்ளையைக் கவனிக்காத மாதிரி இருக்கச் சம்மதிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த ஜாக்கெட்டுக்கு நான் கூலி வாங்கவில்லை.

22 ஜூன் 2025, மாலை 4.00

ஞாயிறு. மழை. கடை மூடல். ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று.

மற்றவர்களை எல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தேன், பெரிய இடைஞ்சல் நான்தான். யாராவது அவளிடம் "பேரென்ன மக்களே" என்று கேட்டால் நான் அரை நொடியில் பேரைச் சொல்லிவிடுவேன். வயசு, வகுப்பு, சாப்பிட்டாளா, எல்லாம் நானே. அவள் முகம் இறுகுவதைப் பார்க்க முடியாது, காப்பாற்றிவிடுவேன். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நாலு வருஷம் இப்படி இரண்டு பேரும் நிம்மதியாக இருந்ததில்தான் அந்தப் பழக்கம் வேரோடியது என்று பயிற்சியாளர் சொன்னபோது மூன்று நாள் அவர்மேல் கோபம்.

அவர் சொன்னபடி செய்தோம். கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணு, வாயைத் திறக்காதே. ஐந்து என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. "பழம் வேணுமா?" என்று கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும், "மட்டியா, ஏத்தனா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் "மட்டின்னு சொல்லிட்டே, எடுத்துக்கோ". வராவிட்டால் கேள்வியை இன்னும் எளிதாக்கு, இல்லை அவளுக்குப் பழகிய இடத்துக்குத் தள்ளிப்போ. முதலில் சும்மா கூட விளையாடி, அவள் செய்வதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கேள்வியே இல்லாமல். கேள்வி பிறகுதான்.

ஆனால் இது அவளோடு ஓரளவு பழகியவர்களுக்கு. பேருந்தில் பார்க்கும் பாட்டி கேட்கும் கேள்விக்கு ஐந்து எண்ணிக்கொண்டு பிள்ளையை நெளிய வைக்காதீர்கள், அங்கே நீங்களே சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பக்கத்து இருக்கைப் பிள்ளையின் காதில் கிசுகிசுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெற்றிதான், கொண்டாடுங்கள்.

6 ஜூலை 2025, இரவு 10.30

போன குறிப்பின் கடைசி வரியைத் திருத்துகிறேன். கொண்டாடாதீர்கள்.

எங்கள் கதை: மூத்தவள் வகுப்பில் முதல் தடவை ஒரு எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். "நாலு." உடனே வேறொரு டீச்சர் வகுப்பை நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொல்லி, சாக்லேட் கொடுத்து, பக்கத்து வகுப்புக்குக் கூட்டிப்போய் "இவ பேசிட்டா" என்று காட்டியிருக்கிறார். நல்ல மனசு. அடுத்த மூன்று வாரம் நாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பேசினால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதுதானே அவள் பயமே, அதை நாமே நடத்திக் காட்டிவிட்டோம். மெல்ல, தனியாக, எதற்காக என்று சொல்லிப் பாராட்ட வேண்டும்.

கிசுகிசுப்பும் அப்படித்தான். அது நல்ல படி, ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் கிசுகிசுப்பே பழக்கமாகிவிடும், சுற்றியிருப்பவர்களும் அவளிடம் குனிந்து காதைக் கொடுக்கப் பழகிவிடுவார்கள். குனியாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, கேட்கும்படி பேசினால் பதில் சொல்லுங்கள். எனக்குப் பல மாதம் இந்தக் கிசுகிசுப்பை உடைக்கவே போனது.

3 ஆகஸ்ட் 2025, மதியம் 1.15

"தாய் மலையாளம், தகப்பன் தமிழ், பள்ளி இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப்போயிருக்கும், வீட்டில் மலையாளத்தை நிறுத்துங்கள்" என்று உங்களிடம் சொன்னார்களாம். சொன்னவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இந்த மாவட்டத்தில் இது வழக்கமான வீடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை மாறியது, நாக்குகள் மாறவில்லை. களியக்காவிளைப் பக்கம் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் நடக்கும். புதுமொழி கேட்கும் பிள்ளை சில மாதம் அந்த மொழியில் மட்டும் பேசாமலிருப்பது இயல்பு, கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும். செலக்டிவ் மியூட்டிசம் என்றால் தெரிந்த மொழியிலும் அந்த இடத்தில் பேச்சு வராது. உங்கள் மகள் அங்கன்வாடியில் தமிழிலும் பேசவில்லை, மலையாளத்திலும் பேசவில்லை. அதனால் மொழி காரணம் இல்லை. இரண்டு மூன்று மொழி புழங்கும் பிள்ளைகளிடம் இது கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மைதான். அதற்காக அம்மாவின் மொழியைப் பிடுங்கினால், அவள் சரளமாகப் பேசுகிற ஒரே இடமும் போய்விடும்.

7 செப்டம்பர் 2025, இரவு 9.00

ஓணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "இன்னும் பேசலியா" என்று பிள்ளை முன்னாலேயே கேட்டார்களாம். எங்கள் வீட்டில் ஒரு பெரியப்பா, "ஒரு வார்த்தை பேசு, நூறு ரூபா" என்று நோட்டை நீட்டுவார். வருஷத்துக்கு வருஷம் தொகை ஏறியது. 2019ல் ஐநூறில் நின்றபோது என் மகள் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஓணத்து ராத்திரிதான் சவூதியில் தம்மாமிலிருந்து வீட்டுக்காரர் வீடியோ காலில், யாரும் கேட்காமலே சொன்னார்: "நானும் மூணாங்கிளாஸ் வரைக்கும் பள்ளியில பேசல. சார் அடிச்சு அடிச்சுப் பாத்தாரு." பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவை கேட்கிறேன். இப்போதும் பேங்கில் டோக்கன் கூப்பிட்டால் என்னைத்தான் எழுப்பிவிடுவார், எனக்கு உறைக்கவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேட்கலயே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது.

அடிப்பது இப்போது சட்டப்படியும் தப்பு, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுத்திருக்கிறார்கள். பேசும் வரை நின்றுகொண்டிரு என்று நிறுத்துவதும் அதில்தான் வரும் என்பது என் எண்ணம்.

2 அக்டோபர் 2025, காலை 11.30

இன்று விஜயதசமி. ஏடு தொடங்க உட்கார்த்தினீர்களா?

எங்கள் நாளில் ஆசான் "ஹரி ஸ்ரீ" சொல்லு என்றார், இவள் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருபது பேர். ஆசான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்து, சொல்ல வேண்டியதைத் தானே சொல்லி முடித்தார். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துக் கோயில் சரஸ்வதி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போயிருக்கிறாள், திரும்பி வரட்டும், இவளும் பேசுவாள் என்று எழுந்திருக்கும்போது சிரித்தார். அந்த வருஷம் சரஸ்வதி திரும்பி வந்தாள், இவள் பேசவில்லை. ஆனால் எழுத்தில் ஆர்வம் வந்தது, டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். எழுத்தும் பேச்சுத்தான் என்று நான் முதலில் வாதாடினேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். சீட்டு ஒரு படி, அங்கேயே உட்காரக்கூடாது.

1 நவம்பர் 2025, இரவு 10.50

2021ல் இதே நாளில்தான் கொரோனாவுக்குப் பிறகு ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தார்கள். மூத்தவள் இரண்டாம் வகுப்பு. ஒன்றரை வருஷம் வீட்டில் சந்தோஷமாக இருந்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு போய் நின்றாள். எல்லாம் முதலிலிருந்து. எனக்குத் தலையில் இடி. ஆனால் ஏழு வாரம் ஆனது இந்தத் தடவை பத்து நாளில் முடிந்தது. வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் கோடை விடுமுறைக்குப் பிறகு கொஞ்சம் பின்னால் போகும், அப்போது இந்தக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு, இந்த முறைகளில் அசைவே இல்லாதபோது குழந்தை மனநல மருத்துவர்கள் பதற்றத்துக்கான மருந்து கொடுப்பதுண்டு. நாங்கள் அதுவரை போகவில்லை. போனவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

என் மகள் இப்போது எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். கடையில் மீதிச்சில்லறை கேட்பாள். மேடையில் ஏறமாட்டாள். புது ஆட்கள் முன்னால் இன்னும் முதல் பத்து நிமிஷம் பட்டனைத்தான் பார்ப்பாள். வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று போன வாரம் டைரியில் எழுதி வந்தது. அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துத் தம்மாமுக்கு அனுப்பினேன், அவர் பதிலே போடவில்லை, மறுநாள் காலை ஒரு தம்ஸ் அப்.

அப்புறம், நேற்று நீங்கள் அனுப்பியதை நாலு தடவை படித்தேன். மழையில் வேன் கிளம்பியதும் பின்னாலேயே ஓடி, தெருவெல்லாம் கேட்க "அண்ணா, என் கொடை!" என்று கத்தினாளாம். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, நிறுத்தி, "இந்தா மக்களே" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அந்த டிரைவர் எந்த ஊர்க்காரர்? சட்டைத்துணி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், தைத்துக் கொடுக்கிறேன்.